வியூவரில் படம் தடுமாறினால்: கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதற்கு முன்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே சென்னை ஸ்டுடியோ ஒன்றுக்குக் காம்பாசிட்டிங் வேலை, அதாவது பல படத் துண்டுகளைச் சேர்த்து ஒரே காட்சியாக்கும் வேலை, செய்கிறார். பணகுடிப் பக்கம் எடுத்த வயல்காட்டு ஷாட் கைக்கு வந்திருக்கிறது. கதை 1960களில் நடப்பதால், பின்னால் வரிசையாக நிற்கும் காற்றாலைகளை அழிக்க வேண்டும். நியூக் என்ற காம்பாசிட்டிங் மென்பொருளில் வேலை பார்க்கும்போது மூன்று தொல்லைகள். நோடில் (படத்தில் ஒரு வேலையைச் செய்யும் பெட்டி) மதிப்பை மாற்றினாலும் சில சமயம் வியூவரில் (படத்தைக் காட்டும் ஜன்னல்) பழைய படமே நிற்கிறது. சில ஃப்ரேம்களில் கறுப்புச் சதுரங்கள் தோன்றி மறைகின்றன. அழித்து முடித்த இடத்தில், ஓட்டிப் பார்க்கும்போது, இறக்கை மினுக்குவதுபோல் ஏதோ தெரிகிறது. கம்ப்யூட்டர் கடையில் கார்டை மாற்றச் சொல்லிவிட்டார்கள். "அண்ணாச்சி, கார்டு வாங்கவா, மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடவா?" என்பது கேள்வி.

தம்பி, இரண்டும் இப்போது வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகள் போலத் தோன்றினாலும், எனக்குத் தெரிந்தவரை அவை மூன்று தனித்தனிக் காரணங்களால் வருபவை. மூன்றில் ஒன்றுக்கு மட்டும்தான் கார்டோ அதன் டிரைவரோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கறுப்புச் சதுரம் பெரும்பாலும் படத்தின் எண்களுக்குள்ளேயே இருக்கிற பிழை. அது எந்தக் கார்டைப் போட்டாலும் போகாது. இறக்கை மினுக்கம் அநேகமாக உங்கள் வேலையில் இல்லவே இல்லை, பார்க்கும் விதத்தில் இருக்கிறது.

வியூவரில் தெரிவது நீங்கள் செய்த படம் அப்படியே அல்ல என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோடுகள் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் எண்களைக் கணக்கிடுகின்றன. அந்த எண்கள் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைக்கப்படுகின்றன. பிறகு வியூவரின் எக்ஸ்போஷர், காமா, நிறமாற்ற அட்டவணை ஆகியவற்றைக் கடந்து கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்குப் போகின்றன. அங்கிருந்து இயங்குதளம் அதை ஜன்னலுக்குள் வரைந்து, கேபிள் வழியே மானிட்டருக்கு அனுப்புகிறது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நம் ஊர்க்காரர்கள் உடனே அணைக்கட்டைக் குறை சொல்வதில்லை, கால்வாய்க் கரையோடு மேலே நடந்து எந்த மடையில் அடைப்பு என்று பார்ப்பார்கள். இங்கேயும் அதே நடைதான். எந்தக் கட்டத்தில் படம் கெடுகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டு வேலை.

அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்க இரண்டே சோதனைகள் போதும்.

முதல் சோதனை, கெட்டுத் தெரிகிற அந்த ஒரு ஃப்ரேமை மட்டும் கோப்பை எழுதும் ரைட் நோடு வழியாக இஎக்ஸ்ஆர் வகைப் படக் கோப்பாக எழுதுங்கள். எழுதியதை அதே ஜன்னலில் பார்க்காமல், நியூக்கை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து, கோப்பைப் படிக்கும் வெறும் ரீட் நோடு ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். இஎக்ஸ்ஆரைத் திறக்கிற வேறு பிளேயர் இருந்தால் அதிலும் பாருங்கள். கோப்பிலும் சதுரம் இருக்கிறது என்றால் பிழை கணக்கில் இருக்கிறது. டிரைவர், கார்டு, மானிட்டர் எல்லாவற்றையும் அந்த நொடியே சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். கோப்பு சுத்தமாக இருந்தால் உங்கள் வேலை பத்திரம், காட்டுகிற வழியில்தான் கோளாறு.

இங்கே ஜேபெக்காக எழுதிப் பார்க்காதீர்கள். ஜேபெக் 8 பிட். 1-க்கு மேலே போன வெளிச்சம், பூஜ்யத்துக்குக் கீழே போன எண், எண்ணாகவே இல்லாத மதிப்பு எல்லாவற்றையும் அது வெட்டி மறைத்துவிடும். பிழை மறைந்துபோனதைப் பார்த்து, பிழை இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். இஎக்ஸ்ஆரை இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கி 2003-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. மிதவைப் புள்ளி எண்களை அப்படியே காக்கும் என்பதால்தான் இன்றும் நம் தொழில் அதன்மேல் நிற்கிறது.

இரண்டாவது சோதனை, கோளாறு திரையில் தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். கைபேசியிலும் கோளாறு தெரிந்தால், அது கார்டின் நினைவகத்திலோ அதற்கு முன்போ உருவானது. ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்து மானிட்டரில் மட்டும் கெட்டிருந்தால் கேபிள், மானிட்டர், புதுப்பிப்பு வேகம் இவற்றைப் பாருங்கள். 4கே மானிட்டரை எச்டிஎம்ஐ வழியே 60 ஹெர்ட்ஸில் ஓட்டுவதென்றால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். பழைய கேபிள் மாட்டியிருந்தால் திரையில் புள்ளி புள்ளியாகப் பொரியும், சில நொடி கறுத்துத் திரும்பும். அதற்குக் கேபிள் மாற்றினால் போதும்.

இனி உங்கள் முதல் தொல்லைக்கு வருவோம். மதிப்பை மாற்றியும் படம் மாறவில்லை.

கையோ விரலோ தெரியாமல் பட்டுவிட்டதா என்று முதலில் பாருங்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் நான் பார்த்த புகார்களில் கணிசமானவை இதில்தான் முடிந்திருக்கின்றன. நியூக் வியூவரில் பாஸ் பொத்தான் அமுங்கியிருந்தால் படம் புதுப்பிக்கப்படாது. யு விசையை அழுத்தினால் ஒருமுறை புதுப்பித்துவிட்டு மறுபடி நின்றுகொள்ளும். டபிள்யூ விசை பட்டிருந்தால் வைப் என்ற ஒப்பீட்டுக் கோடு திறந்து, திரையின் ஒரு பாதியில் வேறொரு நோடின் படம் நிற்கும். மாற்றம் அந்தப் பாதியில் தெரியாது. ஆர்ஓஐ பொத்தான் அமுங்கியிருந்தால் குறித்த கட்டத்துக்குள் மட்டும் கணக்கு நடக்கும். ஏ விசை பட்டிருந்தால் ஒளிபுகும் அளவைச் சொல்லும் ஆல்ஃபா சேனல் மட்டும் தெரியும், அதில் நிற மாற்றம் எப்படித் தெரியும்? ஐபி பொத்தான் வழியாக யாரோ வைத்துப்போன இன்புட் ப்ராசஸ், அதாவது வியூவரில் காட்டுவதற்கு மட்டும் படத்தை மாற்றும் நோடு, ஓடிக்கொண்டிருக்கலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு இதற்குச் சமமானது கேப்ஸ் லாக். அது போட்டிருந்தால் காம்பொசிஷன் ஜன்னல் புதுப்பிக்கப்படவே படாது. கீழே சிவப்புப் பட்டையில் எழுதியும் காட்டும், ஆனால் அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

அவை எல்லாம் சரியாக இருந்தும் படம் மாறவில்லை என்றால், வியூவர் பேனலின் ஓரத்தைப் பிடித்துச் சற்று இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் சரியான படம் வந்து உட்கார்ந்தால், கணக்கு முன்பே முடிந்துவிட்டது, ஜன்னலை மறுபடி வரையும் கட்டளைதான் எங்கோ விழுந்துவிட்டது என்று பொருள். இது டிரைவர், ஓபன்ஜிஎல் (கார்டைக் கொண்டு திரையில் வரையும் முறை) சங்கதி. அதைக் கீழே சொல்கிறேன். இழுத்தும் மாறாமல், கேஷ் மெனுவில் எல்லாவற்றையும் அழித்த பிறகு மாறினால், பழைய கேஷ்தான் குற்றவாளி. அதற்கும் அசையவில்லை என்றால், நீங்கள் மாற்றுகிற நோடு வியூவருக்குப் போகிற பாதையிலேயே இல்லை, அல்லது மூலக்கோப்பில் சிக்கல். பெரிய ஸ்கிரிப்டில் பாதையை மாற்றும் ஒரு ஸ்விட்ச் நோடோ, முடக்கி வைத்த மெர்ஜோ (படங்களை இணைக்கும் நோடு) இடையில் நின்று இதைச் செய்யும்.

பழைய கேஷ் ஏன் நிற்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். நியூக் ஒவ்வொரு நோடுக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுகிறது. அந்த நோடின் அமைப்புகள், அதற்கு மேலே இருக்கிற நோடுகளின் அடையாள எண்கள் எல்லாம் சேர்ந்து அது உருவாகும். படத்தைக் கேஷில் வைக்கும்போது அந்த எண்ணோடு வைக்கும். மறுபடி அதே எண் வந்தால், கணக்கே போடாமல் கேஷிலிருந்து படத்தை எடுத்துக் கொடுக்கும். அதனால்தான் அத்தனை வேகம். ஆனால் படத்தை மாற்றக்கூடிய ஒரு விஷயம் அந்த எண்ணின் கணக்கில் சேராமல் போனால், நியூக்குக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது.

எங்கெங்கே அப்படி நடக்கும்? ஒன்று, பைதான் எக்ஸ்பிரஷன். ஸ்கிரிப்டுக்கு வெளியே இருக்கிற ஏதோ ஒரு கோப்பிலிருந்தோ சூழல் மாறியிலிருந்தோ மதிப்பை எடுக்கிற எக்ஸ்பிரஷன் எழுதியிருந்தால், வெளியே மாறியது உள்ளே எட்டாது. இன்னொன்று, ஸ்டுடியோவில் யாரோ எழுதிக் கொடுத்த ப்ளக்இன் தன் அமைப்புகளில் ஒன்றை அடையாள எண்ணில் சேர்க்க மறந்திருக்கலாம். ஒரு குறிப்பிட்ட ஸ்லைடரை இழுக்கும்போது மட்டும் படம் நகராமல், பக்கத்து ஸ்லைடரைத் தொட்டதும் இரண்டு மாற்றமும் சேர்ந்து வந்தால், ப்ளக்இன் எழுதியவரிடம் சொல்லுங்கள். அது அவர் திருத்த வேண்டியது.

மூன்றாவது உங்களுக்கு மிக நெருக்கமானது என்று நினைக்கிறேன். காற்றாலையை அழித்த பேட்சை, அதாவது மேலே ஒட்டிய படத்தை, ஒருமுறை ரெண்டர் செய்து, அதையே ரீட் நோடில் கொண்டுவந்து மேலே வேலை செய்திருப்பீர்கள். பிறகு பேட்சைத் திருத்தி, அதே பெயரில் மேலெழுதியிருப்பீர்கள். கோப்பின் பெயர் மாறவில்லை, உள்ளே இருக்கும் படம் மட்டும் மாறியது. ரீட் நோடு அதைத் தானே உணர்ந்துகொள்ளும் என்று நம்பக் கூடாது. ரீலோட் பொத்தானை அழுத்துங்கள். மூலக்கோப்புகளை உள்ளூர் டிஸ்கில் நகல் எடுத்து வைக்கும் லோக்கலைசேஷன் வசதி போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சர்வரில் புதுக் கோப்பு வந்த பிறகும் உங்கள் டிஸ்கில் இருக்கும் பழைய நகலே ஓடும். ரீட் நோடின்மேல் தெரியும் நிறக் குறி அதைச் சொல்லும். இதற்கெல்லாம் நிரந்தரத் தீர்வு, ஒவ்வொரு ரெண்டருக்கும் வெர்ஷன் எண்ணைக் கூட்டுவதுதான். டிஸ்க் நிறையும் என்று பயந்து மேலெழுதுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் இதே கதைதான். அங்கே கோப்புக்கு ரீலோட் ஃபுட்டேஜ், கேஷுக்கு எடிட் மெனுவில் பர்ஜ்.

கேஷ் வைத்திருக்கும் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு எச்டி ஃப்ரேம் என்பது 1920 × 1080 பிக்ஸல். நான்கு சேனல், ஒவ்வொன்றுக்கும் 32 பிட் என்றால் ஏறத்தாழ 33 எம்பி. அதையே 3840 × 2160-க்குக் கணக்கிட்டால் ஒரு ஃப்ரேமுக்கு 133 எம்பி. அப்படி 100 ஃப்ரேம் வைத்தால் 13 ஜிபியைத் தாண்டும். 8 ஜிபி கார்டையும் 16 ஜிபி ரேமையும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்திருந்தால், எங்கே இடம் இருக்கும்? இடம் தீரும்போது மென்பொருள் நின்றுபோகாமல் திணறும். பாதி வரைந்த படம், வராத வரிகள், கறுப்பாக நிற்கும் ஜன்னல் எல்லாம் அப்போது வரும்.

இப்போது கறுப்புச் சதுரம். முதல் சோதனையில் எழுதிய கோப்பிலும் அது இருந்தால், பெரும்பாலும் என்ஏஎன் எனப்படும் எண்ணல்லாத மதிப்புதான் காரணம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலோ, குறை எண்ணுக்கு மடக்கையோ பின்ன அடுக்கோ எடுத்தாலோ கணிப்பொறிக்கு விடையாக ஓர் எண் கிடைக்காது. அந்த இடத்தில் இந்த மதிப்பை எழுதிவைக்கும். இதோடு எந்த எண்ணைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விடை மறுபடி என்ஏஎன்தான். ஒரே ஒரு பிக்ஸலில் அது இருக்கும்வரை யார் கண்ணிலும் படாது. அதன்மேல் ஒரு ப்ளரோ டீஃபோகஸோ (படத்தை மங்கலாக்கும் நோடுகள்) விழும்போது, பக்கத்துப் பிக்ஸல்கள் எல்லாம் அதைக் கலந்துகொண்டு கணக்கிடப்படுவதால், ப்ளரின் அளவுக்கு ஒரு சதுரமே செத்துப்போகும். அது ஒரு ஃப்ரேமில் இருந்து அடுத்த ஃப்ரேமில் இல்லாமல் போவதால்தான் திரைக் கோளாறு போலத் தோன்றுகிறது. அடையாளம் எளிது: அதே ஃப்ரேமுக்கு எத்தனை முறை திரும்பினாலும் அதே இடத்தில் அதே சதுரம். கார்டின் கோளாறு அப்படி நேரம் தவறாமல் வராது.

கண்டுபிடிக்க, சதுரத்தின் நடுவில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு க்ளிக் செய்து, வியூவரின் கீழே வரும் எண்களைப் படியுங்கள். என்ஏஎன் என்றோ முடிவிலி என்றோ எழுதியிருந்தால் வழக்கு முடிந்தது. பிறகு வியூவரை ஒவ்வொரு நோடாக மேலே மாற்றிக்கொண்டே போங்கள். சதுரம் சுருங்கிக்கொண்டே வந்து ஒற்றைப் பிக்ஸலாகும் இடம் தெரியும். அதற்கு மேலே அது இல்லாத நோடு வரும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழை பிறக்கிறது. உங்கள் ஷாட்டில் காற்றாலைக்குப் பின்னால் இருக்கிற வானத்தைச் சமப்படுத்த, ஒரு பிளேட்டை (கேமராவில் எடுத்த படம்) இன்னொன்றால் வகுத்து, பிறகு பெருக்கியிருப்பீர்கள். கிளீன்அப்பில் எல்லோரும் செய்கிற நல்ல முறை அது. ஆனால் வகுக்கும் பிளேட்டில் எங்கோ ஒரு பிக்ஸல் பூஜ்யமாக இருந்தால் போதும். வகுப்பதற்கு முன் அந்தப் பிளேட்டை மிகச் சிறிய ஓர் எண்ணுக்குக் கீழே போகாமல் க்ளாம்ப் செய்யுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டதை எக்ஸ்பிரஷன் நோடில் பிடித்துப் பூஜ்யமாக்கலாம், ஆனால் அதை ப்ளருக்கு முன்னால் செய்ய வேண்டும். பின்னால் செய்தால் சதுரம் முழுவதும் பூஜ்யமாகும், அவ்வளவுதான். 16 பிட் இஎக்ஸ்ஆரில் 65504-க்கு மேற்பட்ட எண் நிற்காது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலை வெறிபிடித்ததுபோல் எக்ஸ்போஷர் ஏற்றினால் அதுவும் முடிவிலியாகி இதே வேலையைச் செய்யும்.

சதுரமாக இல்லாமல், படத்தின் ஓரத்திலிருந்து கோடு கோடாக நிறம் இழுத்துக்கொண்டு போனால் அது வேறு. பவுண்டிங் பாக்ஸ், அதாவது நியூக் கணக்கிடும் பரப்பின் எல்லை, முடிகிற இடத்தின் கடைசிப் பிக்ஸல் வெளியே நீள்கிறது. பிளாக்அவுட்சைட் நோடு ஒன்று போட்டால் நின்றுவிடும்.

கோப்பில் இல்லாமல் வியூவரில் மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் சதுரம் வந்தால் அப்போதுதான் கார்டை நினைக்கலாம். அப்போதும் வாங்கக் கிளம்ப வேண்டாம். வியூவர் அமைப்பில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் செயலி) பயன்பாட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். இசட்டீஃபோகஸ், வெக்டர்ப்ளர் போன்ற நோடுகளில் ஜிபியு இருந்தால் பயன்படுத்து என்று ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துப் பாருங்கள். சிபியுவில் சரியாக வருகிறது என்றால் டிரைவர் அல்லது கார்டின் நினைவகம். உங்களிடம் இருப்பது என்விடியா என்றால், விளையாட்டுக்கான டிரைவரை எடுத்துவிட்டு ஸ்டுடியோ டிரைவரைப் போடுங்கள். மிகப் புதியதைத் தேடாதீர்கள். உங்கள் நியூக் பதிப்போடு சோதிக்கப்பட்டது எது என்று அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் இருக்கும், அதுதான் வேண்டும்.

விண்டோஸில் இன்னொரு விஷயம். கார்டு ஒரு வேலையை எடுத்துக்கொண்டு 2 நொடிக்குள் பதில் சொல்லவில்லை என்றால், விண்டோஸ் அது செத்துவிட்டதாக எண்ணி டிரைவரையே மறுபடி தொடங்கிவிடும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். திரும்பிய பிறகு நியூக் வியூவர் கறுப்பாகவோ, உறைந்தோ நிற்கும். அந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் கூட்டச் சொல்லி ஆலோசனைகள் உலவுகின்றன. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கனமான நோடு ஒன்று 4கே ஃப்ரேம் முழுவதையும் கார்டில் தள்ளுவதுதான் பெரும்பாலும் காரணம். அந்த ஒரு நோடை சிபியுவுக்கு மாற்றினாலே நின்றுவிடும்.

லேப்டாப்பில் வேலை செய்கிறவர்கள் நியூக் எந்தக் கார்டில் ஓடுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். இரண்டு ஜிபியு இருக்கும் லேப்டாப்பில், சத்தமில்லாமல் உள்ளமைந்த சின்ன ஜிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸின் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் அமைப்பில் நியூக்கை உயர்திறன் பட்டியலில் சேருங்கள். லேப்டாப் திரை 150 சதவீத அளவிலும் வெளி மானிட்டர் 100 சதவீதத்திலும் இருந்தால், ஜன்னலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுக்கும்போது பேனல்கள் பாதி வரைந்து நிற்கும், மவுஸ் முனை ஒரு பக்கம், க்ளிக் விழுவது ஒரு பக்கம் என்றாகும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, நியூக்கை மூடித் திறந்து பாருங்கள். மானிட்டரில் மாறும் புதுப்பிப்பு வேகம், அதாவது ஜி-சிங்க் வகையறா, போட்டிருந்தால் வேலை நேரத்தில் அதை அணைத்துவையுங்கள். வெளிச்சம் கூடிக் குறைவதுபோல் வரும் மினுக்கத்துக்கு அது காரணமாவதுண்டு.

இப்போது அந்த இறக்கை. உங்கள் மூன்று தொல்லைகளில் இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மற்ற இரண்டும் நேரத்தைத்தான் தின்னும். இது நல்ல வேலையைக் கெடுக்க வைக்கும்.

4கே பிளேட்டை மானிட்டருக்குள் அடங்கும்படி 25 சதவீதத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நியூக் ஸ்கேன்லைன் முறையில், வரி வரியாகக் கணக்கிடும் மென்பொருள். அப்படிச் சிறிதாக்கிப் பார்க்கும்போது 2160 வரியையும் கணக்கிடாது, திரைக்குத் தேவையான 540 வரியைத்தான் எடுக்கும். நியூக் வேகமாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் தூரத்தில் நிற்கும் காற்றாலையின் இறக்கை இரண்டு பிக்ஸல் அகலம்தான் இருக்கும். எடுத்த வரியில் அது விழுந்தால் தெரியும், விழாவிட்டால் தெரியாது. சுற்றுகிற இறக்கை என்றால் ஒரு ஃப்ரேமில் இருந்து அடுத்ததில் காணாமல் போய் மினுக்கும். அழித்த இடத்தில் நீங்கள் திருப்பிப் போட்ட கிரெய்னும் (படத்தின் நுண்மணிகள்), பனையோலையின் கூரான நுனியும், காற்றில் அலையும் நெற்பயிரும் அதேபோலத்தான் மினுக்கும். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற அடியில், பணகுடி, ராதாபுரம் பக்கம் எடுத்த எந்த ஷாட்டிலும் அசையாத பொருள் என்று ஒன்றுமே இருக்காது. அதனால் இந்தத் தொல்லை உங்களுக்குக் கூடுதலாகவே தெரியும்.

ஆகவே 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள், வியூவரின் ரெசல்யூஷன் பெட்டியில் 1:1 இருக்கட்டும், ப்ராக்ஸி (தரம் குறைத்துக் காட்டும் வசதி) அணைந்திருக்கட்டும். ஃப்ரேமை முழுவதுமாகக் கணக்கிட்டபின் காட்டும் பொத்தானைப் போட்டால், பாதி வரைந்த படம் கண்ணைக் குழப்பாது. படம் திரையை மீறிப்போனால், காற்றாலை நின்ற இடத்தை மட்டும் ஆர்ஓஐயில் கட்டி ஓட்டுங்கள். அங்கே இறக்கை நிஜமாகவே எட்டிப் பார்த்தால் உங்கள் ரோட்டோவிலோ (கையால் வரைந்த மறைப்பு வடிவம்) பேட்ச் நகர்விலோ குறை இருக்கிறது, திருத்துங்கள். இல்லையென்றால் எதையும் தொடாதீர்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் ஃபாஸ்ட் ப்ரிவியூ அடாப்டிவ் ரெசல்யூஷனில் இருந்தால், இழுக்கும்போது படம் தானாகத் தரம் குறையும். அதை நிறுத்திவிட்டு, ரெசல்யூஷனை ஃபுல்லில் வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

வியூவரில் மினுக்குகிறது என்று பேட்சின் மேல் சின்ன ப்ளர் ஒன்றைப் போட்டு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். வியூவரில் மினுக்கம் நின்றது. தியேட்டர் திரையில் அந்த இடம் மட்டும் வழித்துவிட்டதுபோல் மென்மையாகத் தெரிந்தது, ஷாட் திரும்பி வந்தது. திரையின் பிழையைத் திருத்த நோடைத் தொடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஓட்டும்போது படம் சற்று வெட்டி வெட்டி நகர்வது போலத் தோன்றினால் அதற்கும் பயப்பட வேண்டாம். நொடிக்கு 24 ஃப்ரேம் படத்தை 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு ஃப்ரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படும். கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டில் அது கண்ணில் படும். மானிட்டரை 48 அல்லது 72 ஹெர்ட்ஸில் ஓட்ட முடிந்தால் போய்விடும். படம் குறுக்கே கிழிந்ததுபோல் மேல்பாதி ஒரு ஃப்ரேமும் கீழ்ப்பாதி இன்னொரு ஃப்ரேமுமாகத் தெரிந்தால் டிரைவரில் வி-சிங்க், அதாவது மானிட்டரின் வேகத்தோடு படத்தை ஒத்திசைக்கும் வசதி, அணைந்திருக்கிறது.

நீங்கள் எழுதியதில் தெளிவில்லாத ஒன்று: நியூக் உங்கள் வீட்டு மெஷினில் ஓடுகிறதா, சென்னையில் இருக்கும் மெஷினை ரிமோட்டில் பார்க்கிறீர்களா? ரிமோட் என்றால் மேலே சொன்ன பாதையில் இன்னும் ஒரு கட்டம் சேர்கிறது. பிசிஓஐபி போன்ற ரிமோட் திரை முறைகளில் படம் மாறும்போது முதலில் தரம் குறைந்த படத்தை அனுப்பி, அசையாமல் நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் துல்லியமாக்கும். இணைப்பு திணறும் நேரத்தில் அந்தத் துல்லியம் வந்து சேரவே நேரமாகும். சதுரம் சதுரமாக உடைந்து தெரிவது அப்போது இயல்பு. வீடியோவாகச் சுருக்கி அனுப்பும் முறைகளில் நிறத் தகவல் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைக்கப்படுவதால், சிவப்பு விளிம்புகள் கசிந்து தெரியும். கீயிங் (பின்னணி நிறத்தை நீக்குதல்) விளிம்பையும் கிரெய்னையும் ரிமோட்டில் ஓடவிட்டு முடிவு சொல்லாதீர்கள். நிறுத்தி, படம் தெளியும்வரை காத்திருந்து, எண்களைப் படியுங்கள். எண்கள் அந்தப் பக்கத்து மெஷினில் கணக்கிடப்பட்டவை, இணைப்பு அவற்றைக் கெடுக்காது. ஸ்கிரீன்ஷாட் சோதனையையும் அந்தப் பக்கத்து மெஷினுக்குள்ளேயே எடுக்க வேண்டும்.

கடைசியாக வெயில். பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலில், மாடி அறையில், கேபினெட்டுக்குள் தூசி அடைந்திருக்கும் மெஷின் படுகிற பாடு கொஞ்சமல்ல. சூடு ஏறினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நினைவகம் கெட ஆரம்பித்த கார்டு, நியூக்குக்கு வெளியே, டெஸ்க்டாப்பிலும் பிரவுசரிலும்கூட நிறப் புள்ளிகளையும் கட்டங்களையும் காட்டும். நியூக்கில் மட்டும் கோளாறு, மற்ற எல்லாம் ஒழுங்கு என்றால் கார்டு சாகவில்லை. காலையில் குளிர்ந்த மெஷினில் வராத கோளாறு மத்தியானம் மட்டும் வந்தால், முதலில் தூசி தட்டி, பக்கத்து மூடியைத் திறந்துவைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் நிற்கவில்லை என்றால், நியூக்கை சேஃப் மோடில், அதாவது ப்ளக்இன்களும் ஸ்டுடியோ அமைப்புகளும் ஏறாமல் திறந்து, அதே ஃப்ரேமைப் பாருங்கள். அங்கே வரவில்லை என்றால் ஸ்டுடியோவின் மென்பொருள் அமைப்புகளைக் கவனிக்கும் பைப்லைன் ஆளிடம் போக வேண்டிய விஷயம். வந்தால், கோளாறைக் காட்டுகிற நோடுகளை மட்டும் புது ஸ்கிரிப்டில் ஒட்டி, பிளேட்டுக்குப் பதில் செக்கர்போர்டு நோடு போட்டு, அப்போதும் வருகிறதா என்று பாருங்கள். அந்தச் சின்ன ஸ்கிரிப்ட், ஸ்கிரீன்ஷாட், எழுதிய இஎக்ஸ்ஆர், நியூக் பதிப்பு எண், டிரைவர் எண், கார்டின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால் யாராலும் உதவ முடியும். படத்தின் பிளேட்டை வெளியே யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். எனக்கு இப்போதைக்கு அந்தக் கறுப்புச் சதுரத்தின் நடுவில் க்ளிக் செய்து கிடைக்கிற எண்ணையும், நியூக் எந்த மெஷினில் ஓடுகிறது என்பதையும் மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை அதிலிருந்து பார்ப்போம்.